அயடீனைச் சிறைப்பிடிக்கும் பளிங்குகள்

எமது கல்லூரியின் விழா மலருக்கு விஞ்ஞானக் கட்டுரையொன்று வரைந்து தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபோது, எதனை எழுதுவதென்ற ஐயம் எமக்கு நெடுநேரம் இருக்கவில்லை. இரசாயன ஆய்வுகூடத்தில் யாம் முதன்முதலிற் கண்டு வியந்த காட்சியொன்று இன்றும் எம் கண்முன் நிற்கின்றது. ஆசிரியர் சோதனைக் குழாயொன்றிற் கருநிறப் பளிங்குகள் சிலவற்றை இட்டு மெல்லச் சூடாக்கினார். அவை உருகி ஓடக் காணவில்லை; அழகிய ஊதா நிற ஆவியாய் மேலெழுந்தன; குழாயின் குளிர்ந்த மேற்பாகத்தை அடைந்ததும் மீண்டும் பளபளக்கும் பளிங்குகளாய்ப் படிந்தன. "இதுவே பதங்கமாதல், பதார்த்தம் அயடீன்" என்று கூறி ஆசிரியர் அடுத்த பாடத்துக்குச் சென்றார். யாமும் அதனைக் கொப்பியில் எழுதிக்கொண்டோம்.

அந்த ஊதா ஆவி காற்றிற் கலந்து ஓடிவிடாமல் அதனைப் பிடித்து வைப்பது எங்ஙனம் என்று அன்று எவரும் கேட்கவில்லை. இன்றோ உலகின் ஆய்வுகூடங்கள் பல இவ்வினாவுக்கு விடை தேடி நிற்கின்றன. அவ்விடைகளுள் ஒன்றாகிய உலோக–சேதனச் சட்டகங்கள் என்னும் புதுவகைப் பளிங்குகளைப் பற்றியும், அவற்றின் நுண்டுளைகளை வேண்டியவாறு திருத்தி அமைக்கும் கலையைப் பற்றியும் ஈண்டு எடுத்துரைக்க முனைகின்றோம். இவ்வகைப் பளிங்குகளை உருவாக்கியமைக்காகவே 2025ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபெல் பரிசு மெல்பேண் பல்கலைக்கழகத்தின் றிச்சேட் றொப்சன், கியோட்டோப் பல்கலைக்கழகத்தின் சுசுமு கித்தகாவா, கலிபோணியாப் பல்கலைக்கழகத்தின் ஒமார் யாகி ஆகிய மூவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

அயடீனின் இரு முகம்

1811ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்து பேணார் கூட்டுவா என்பார், வெடிமருந்துக்கு வேண்டிய வெடியுப்பைச் செய்யும் பொருட்டுக் கடற்பாசியின் சாம்பலைப் பயன்படுத்தி வந்தார். ஒருநாள் அச்சாம்பலிற் சல்பூரிக்கமிலம் மிகையாய்ச் சேர்ந்தபோது ஊதா ஆவி கிளம்பிற்று. ஊதா எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்றும் அதற்கு அயடீன் என்ற பெயர் வந்தது.

மனிதனின் கழுத்திலுள்ள தைரொயிட்டுச் சுரப்பி தன் தொழிலைச் செய்ய அயடீன் இன்றியமையாதது. உணவில் அது குறைந்தால் கண்டக்கழலை தோன்றும். தாயின் வயிற்றிலுள்ள சிசுவின் மூளை வளர்ச்சியும் குன்றும். இக்குறையை நீக்கவே இலங்கையில் உப்புக்கு அயடீன் சேர்த்தல் வேண்டுமென 1995ஆம் ஆண்டிற் சட்டம் விதிக்கப்பட்டது. இஃது அயடீனின் இனிய முகம்.

மற்றைய முகம் அணுவுலையிற் பிறப்பது. யுரேனிய அணு பிளவுறும்போது தோன்றும் துண்டுகளுள் அயடீனின் கதிர்த்தொழிற்பாடுள்ள சமதானிகளும் உள. அவற்றுள் இரண்டு கருதத்தக்கன. அயடீன்–131இன் அரைவாழ்வுக் காலம் ஏறக்குறைய 8 நாள். அஃதாவது எட்டு நாளிற் பாதியாகி, பதினாறு நாளிற் காலாகி, எண்பது நாளில் ஆயிரத்திலொரு பங்காகிவிடும். ஆனால் அந்த எண்பது நாளும் கடுமையானவை. அயடீன்–129இன் அரைவாழ்வுக் காலமோ ஏறக்குறைய 1 கோடியே 57 இலட்சம் ஆண்டு. இதன் கதிர் வலிமை மிகக் குறைவெனினும், மனித குலத்தின் கணக்கில் இது என்றும் அழியாதது என்றே கொள்ளல் வேண்டும்.

தைரொயிட்டுச் சுரப்பிக்கு நல்ல அயடீன் எது, தீய அயடீன் எது என்று பகுத்தறியும் ஆற்றல் இல்லை. இரண்டும் இரசாயன இயல்பில் ஒன்றே. ஆதலின் வருவதையெல்லாம் அது வாரிச் சேர்த்துக்கொள்ளும். 1957ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதம் இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள விண்ட்சுகேல் என்னுமிடத்து அணுவுலையில் தீப்பற்றியபோது அயடீன்–131 காற்றிற் பரந்தது, புல்லிற் படிந்தது, புல்லை மேய்ந்த பசுவின் பாலிற் சேர்ந்தது. ஏறக்குறைய 500 சதுர கிலோமீற்றர்ப் பரப்பிலிருந்து கிடைத்த பால் முழுவதையும் குடிக்கவிடாது கொட்டும்படி ஆயிற்று. 1986ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 26ஆம் நாள் உக்கிரேனின் செர்ணோபிலில் நிகழ்ந்த பெருவிபத்தின் பின்னரோ இத்தகைய எச்சரிக்கை பல ஊர்களுக்கு உரிய வேளையிற் சென்று சேரவில்லை. பிள்ளைகள் பாலைக் குடித்தனர். பெலாரூசு, உக்கிரேன், உருசியாவின் அயற்பகுதிகள் ஆகியவற்றில் விபத்தின்போது குழந்தைகளாகவும் இளைஞராகவும் இருந்தோரிடையே 2005ஆம் ஆண்டுவரையில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தைரொயிட்டுப் புற்றுநோய்கள் கண்டறியப்பட்டன. அவற்றுட் பெரும்பங்கு அயடீனாலேயே விளைந்ததென்பது அறிஞர் முடிபு. அந்நோயாளருள் மிகப் பெரும்பாலோர் சிகிச்சையினாற் பிழைத்தனர் என்பது ஒன்றே ஆறுதல்.

விபத்தில்லாத நாளிலும் இவ்வினா உண்டு. பயன்படுத்தித் தீர்ந்த அணு எரிபொருளை மீண்டும் பிரித்தெடுக்கும் ஆலைகளில் அதனை நைத்திரிக்கமிலத்திற் கரைப்பர். அப்போது அதனுட் சிறைப்பட்டிருந்த அயடீன் ஆவியாகி, நீராவியோடும் நைதரசனொட்சைட்டுக்களோடும் கலந்து புகைபோக்கியை நாடும். கோடியாண்டு நிலைத்திருக்கும் அயடீன்–129ஐ அங்கேயே பிடித்து நிறுத்துதல் வேண்டும். மன்னார்க் குடாவின் மறுகரையிற் கூடங்குளத்து அணுமின் நிலையம் 2013ஆம் ஆண்டு முதல் மின்சாரம் தந்து வருகின்றது. ஆதலின் இவ்விடயம் எமக்குத் தொலைதேசத்துச் செய்தி மட்டுமன்று. அச்சங் கொள்ளுதற்காக இதனைக் கூறுகின்றோமல்லேம்; அறிந்திருத்தற்காகக் கூறுகின்றோம்.

கரியும் சியோலைற்றும்

வாயுவைத் திண்மமொன்று பிடித்து வைத்தல் இரு வகைப்படும். கடற்பஞ்சு நீரை உள்வாங்குவதுபோல் உடல் முழுவதும் வாங்கிக்கொள்ளுதல் அகத்துறிஞ்சல். மேற்பரப்பில் மட்டும் ஒட்ட வைத்துக்கொள்ளுதல் புறத்துறிஞ்சல். யாம் ஈண்டுப் பேசுவது பின்னையதையே. ஒட்டுதல் மேற்பரப்பில் நிகழ்வதாதலின், ஒரு கிராம் பதார்த்தத்துக்குள் எத்துணை மேற்பரப்பை அடக்கலாம் என்பதே முதல் வினா.

இத்துறையில் மூத்தது கரி. சிரட்டைக் கரியை நீராவியோடு உயர்ந்த வெப்பநிலைக்குச் சூடாக்கினால் அதனுள் எண்ணிறந்த நுண்டுளைகள் தோன்றும். இவ்வாறு ஏவப்பட்ட கரியின் ஒரு கிராமில் ஏறக்குறைய 1,000 சதுர மீற்றர் மேற்பரப்பு அடங்கியிருக்கும். எம் நாட்டுத் தென்னஞ் சிரட்டையிலிருந்து செய்யப்படும் இக்கரி பல தேசங்களுக்கு ஏற்றுமதியாகின்றது. அணு நிலையங்களின் காற்று வடிகளில் அயடீனைப் பிடிக்க இடப்படுவதும் பெரும்பாலும் சிரட்டைக் கரியே என்பது பலர் அறியாதது.

ஆயினும் வெறுங் கரி போதாது. அயடீன், சேதனப் பொருள்களைச் சந்திக்கும்போது மெதயிலயடைட்டு என்னும் சேர்வையாக மாறுவதுண்டு. அது 42 பாகை செல்சியசிலேயே கொதித்து ஆவியாவது. கரியில் நில்லாது நழுவிவிடுவது. எனவே கரியிற் பொற்றாசியமயடைட்டையேனும் மூவெதிலீனிருவமைன் என்னும் நைதரசன் சேர்ந்த பொருளையேனும் ஊட்டுவர். அந்த நைதரசன், மெதயிலயடைட்டைத் தாக்கி உப்பாக மாற்றிவிடும், உப்பு ஆவியாவதில்லை. வாசகர் இதனை மனத்திற் கொள்வாராக. துளையின் அளவு மட்டும் போதாது, துளையின் சுவரில் யாது இருக்கின்றதென்பதும் வேண்டும் என்னும் பாடத்தைக் கரியே முதலிற் கற்பித்தது.

இரண்டாவது சியோலைற்று. இஃது அலுமினியம், சிலிக்கன், ஒட்சிசன் ஆகியவை ஒழுங்காக அடுக்கப்பட்ட கனியம். துளைகள் யாவும் ஒரே அளவின. அத்துளைகளுள் வெள்ளியை ஏற்றி வைத்தால் வரும் அயடீன் வெள்ளியயடைட்டாகி நிலைத்துவிடும். வெள்ளி விலையுயர்ந்தது, ஏற்றக்கூடிய அளவும் வரையறைப்பட்டது. அன்றியும் சியோலைற்றின் சட்டகத்தை வேண்டியவாறு மாற்றுதல் எளிதன்று. இயற்கையும் உலையும் தந்த சில நூறு வடிவங்களுள் ஒன்றையே தெரிந்தெடுத்தல் வேண்டும்.

மரப்பந்துகள் கற்பித்த பாடம்

வேண்டிய அளவில், வேண்டிய வடிவில், வேண்டிய சுவரோடு துளைகளை நாமே வரைந்து கட்டுதல் ஆகாதா? இவ்வினாவுக்கு விடை ஒரு விரிவுரை மண்டபத்திற் பிறந்தது. 1974ஆம் ஆண்டில் மெல்பேண் பல்கலைக்கழகத்தில் றொப்சன் மாணவருக்கு மூலக்கூறுகளின் அமைப்பை விளக்கும் பொருட்டு மரப்பந்துகளாலும் குச்சிகளாலும் மாதிரிகள் செய்யத் துணிந்தார். எந்தப் பந்தில் எவ்வெவ்விடத்தில் துளையிடல் வேண்டுமெனப் பட்டறையாளருக்குக் குறித்துக் கொடுத்தார். பந்துகள் வந்தன. அவற்றைப் பூட்டிப் பார்த்தபோது, துளைகள் சரியான இடங்களில் இருந்தமையால் மாதிரிகள் தாமாகவே உரிய வடிவத்தைப் பெறக் கண்டார். அணுக்களின் இயல்பான திசைகளைக் கொண்டே பெரும் பெருங் கட்டடங்களை எழுப்பலாமே என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் உதித்தது.

அவ்வெண்ணத்தைச் சோதிக்க அவர் பத்தாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டார். ஈற்றில், செம்பு அயன்களையும் நான்கு கைகளையுடைய சேதன மூலக்கூறொன்றையும் சேர்த்தபோது, வைரத்தின் அமைப்பையொத்த, ஆயின் உள்ளே பெரும் வெற்றிடங்களைக் கொண்ட பளிங்கு கிடைத்தது. 1989இல் அது வெளியாயிற்று. எனினும் அது வலுவற்றது. பின்னர் 1997இற் கித்தகாவா, மீத்தேன், நைதரசன், ஒட்சிசன் ஆகிய வாயுக்களை உள்வாங்கியும் வெளிவிட்டும் உருக்குலையாது நிற்கும் சட்டகங்களைக் காட்டினார். 'உலோக–சேதனச் சட்டகம்' என்னும் பெயரை 1995இல் வழங்கிய யாகி, 1999இல் நாகத்தையும் தெரெத்தலிக்கமிலத்தையும் கொண்டு எம்.ஓ.எவ்.–5 என்னும் புகழ்பெற்ற பளிங்கை ஆக்கினார். வெறுமையாக்கியபின் 300 பாகை செல்சியசு வரை சூடாக்கினும் அது சரிந்துவிழவில்லை. அதன் இரண்டொரு கிராமில் ஓர் உதைபந்தாட்ட மைதானத்தளவு மேற்பரப்பு அடங்குகின்றது. 2012இல் ஐக்கிய அமெரிக்காவில் ஆக்கப்பட்ட மற்றொரு சட்டகம், கிராமொன்றுக்கு 7,000 சதுர மீற்றரையும் கடந்தது.

இஃது எங்ஙனம் இயலும்? விழாவுக்குப் பந்தலிடுவதை நினைத்துப் பாருங்கள். கமுகஞ் சலாகைகளை நிறுத்திக் குறுக்கும் நெடுக்கும் கட்டுகின்றோம். பந்தலின் பெரும்பகுதி வெற்றிடம். சலாகைகளும் முடிச்சுகளும் பிடிப்பது சிறிதளவு இடமே. உலோக–சேதனச் சட்டகத்தில் உலோக அணுக்களின் சிறு கொத்துக்களே முடிச்சுகள். சேதன மூலக்கூறுகளே சலாகைகள். ஒவ்வொரு சலாகையும் ஒரே மூலக்கூறு கனமுடையது. ஆதலின் அதன் எல்லாப் பக்கங்களும் வெளியே தெரிவன. உள்ளே மறைந்து வீணாகும் பொருள் ஏறக்குறைய இல்லை. இப்பந்தலைக் கட்டுவதற்கு ஆள் வேண்டியதில்லை என்பதே பெரும் வியப்பு. உரிய உலோக உப்பையும் உரிய அமிலத்தையும் கரைப்பானிலிட்டுச் சூடாக்கினால் அவை தாமாகவே அடுக்கிக்கொள்ளும்.

துளைகளைத் திருத்தும் வழிகள்

இனிக் கட்டுரையின் நடுப்பொருளுக்கு வருவாம். ஒரு சட்டகம் அமைந்துவிட்டாற் போதாது. பிடிக்க வேண்டிய வாயுவுக்கு ஏற்ப அதனைத் திருத்துதல் வேண்டும். வழிகள் பல, தலையாய நான்கை மட்டும் கூறுவாம்.

முதலாவது, சலாகையை மாற்றுதல். 2002ஆம் ஆண்டில் யாகியும் கூட்டாளரும் எம்.ஓ.எவ்.–5இன் அதே பின்னலில் நீண்டும் குறுகியும், பக்கத்திற் கிளை தாங்கியும் உள்ள சலாகைகளைப் பொருத்தி 16 சட்டகங்களைச் செய்தனர். அவற்றின் துளைகள் 0.38 நனோமீற்றரிலிருந்து 2.88 நனோமீற்றர் வரை வேறுபட்டன. ஒரே வீட்டு வரைபடத்தில் அறைகளைப் பெருக்கியும் சுருக்கியும் கட்டியதற்கு இது நிகர்.

இவ்வளவுப் பொருத்தத்தின் சிறப்பை அயடீனே நன்கு காட்டும். அயடீன் மூலக்கூறின் குறுக்களவு ஏறக்குறைய 0.335 நனோமீற்றர். நாகத்தையும் இமிதசோல் என்னும் சேதனப் பொருளின் ஒரு வகையையும் கொண்டு அமைந்த இசெட்.ஐ.எவ்.–8 என்னும் சட்டகத்தின் வாயில் 0.34 நனோமீற்றர், உள்ளே உள்ள கூடோ 1.16 நனோமீற்றர் அகலம். வாயில் ஒடுக்கம், உள்ளறை விசாலம். எங்கள் கடலில் இறால் பிடிக்கும் கூட்டின் இலக்கணமும் இதுவேயன்றோ? ஐக்கிய அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வுகூடத்தார் 2011இல் இதனைச் சோதித்தபோது ஒரு கிராம் சட்டகம் 1.25 கிராம் அயடீனை ஏற்றது. அதில் ஏறக்குறைய 0.25 கிராம் வெளிமேற்பரப்பில் ஒட்டியிருந்தது. மிதமாகச் சூடாக்கியதும் அது நீங்கிவிட்டது. கூட்டினுட் புகுந்த 1 கிராமோ, சட்டகமே ஏறக்குறைய 300 பாகையிற் சிதையும்வரை வெளியேறவில்லை.

இரண்டாவது வழி, முடிச்சை வெறுமையாக்குதல். ஒங்கொங்கில் 1999இல் ஆக்கப்பட்டு, அங்குள்ள பல்கலைக்கழகத்தின் பெயரால் எச்.கே.யூ.எஸ்.ரி.–1 என வழங்கும் சட்டகத்தில் முடிச்சுகள் செம்பினாலானவை. ஒவ்வொரு செம்பணுவும் தன் ஒரு பக்கத்தில் நீர் மூலக்கூறொன்றைத் தாங்கி நிற்கும். வெற்றிடத்திற் சூடாக்க நீர் விலகும். பளிங்கின் நிறம் கடுநீலமாக மாறும். இப்போது செம்பின் ஒரு கை வெறுங்கை; வரும் மூலக்கூறைப் பற்ற அஃது ஆயத்தமாய் உள்ளது. 2013இல் நீராவி கலந்த காற்றிலும் இச்சட்டகம் கிராமொன்றுக்கு ஏறக்குறைய 1.75 கிராம் அயடீனைப் பிடித்ததாகச் சாண்டியா ஆய்வாளர் காட்டினர்.

மூன்றாவது வழி, கட்டிய பின் திருத்துதல். சில கூட்டங்களைத் தாங்கிய சலாகைகளைக் கொண்டு நேரே சட்டகம் கட்ட முயன்றால் அக்கூட்டங்கள் உலோகத்தோடு முன்னரே பிணங்கிக் கட்டடத்தைக் கெடுத்துவிடும். ஆகவே முதலிற் பந்தலை எழுப்பிப் பின்னர்த் தோரணம் கட்டுவதுபோற் செய்தல் வேண்டும். கலிபோணியாப் பல்கலைக்கழகத்தின் சான் தியேகோப் பிரிவில் வாங், கோவன் ஆகிய இருவரும் 2007இல், சலாகையில் அமைனோக் கூட்டம் தாங்கிய சட்டகமொன்றை அசற்றிக்கு நீரிலியோடு தாக்கமுறச் செய்தனர். அமைனோக் கூட்டங்கள் மாறின. பளிங்கோ பளிங்காகவே நின்றது. திண்மப் பளிங்கின் வயிற்றினுள்ளே கரைசலிற் செய்வதுபோல் இரசாயனம் செய்யலாமென்பது இதனால் துணியப்பட்டது.

அமைனோக் கூட்டம் அயடீனுக்கு ஏன் உகந்தது? இதனை எமது ஆய்வுகூடத்திலேயே கண்டிருக்கின்றோம். அயடீனை எட்சேனிற் கரைத்தால் அதன் ஆவியைப் போலவே கரைசலும் ஊதா. அற்ககோலிற் கரைத்தாற் கபிலம். அற்ககோலின் ஒட்சிசன் தன் தனிச்சோடி இலத்திரன்களை அயடீனுக்குச் சிறிது ஈந்து அதனைப் பிணைத்துக்கொள்வதே நிறமாற்றத்தின் காரணம். நைதரசன் இவ்வீகையில் ஒட்சிசனினும் தாராளமானது. கஞ்சியில் அயடீனிட்டால் கருநீலம் தோன்றுவதும் இதனோடு தொடர்புடையது. மாப்பொருளின் மூலக்கூறு சுருள் வடிவானது. அச்சுருளின் நடுத்துளையில் அயடீன் அணுக்கள் வரிசையாய்ப் புகுந்து அமர்கின்றன. நுண்டுளையில் அயடீனைச் சிறைப்பிடிக்கும் வித்தை சோற்றுப்பானையில் என்றும் இருந்துவருவதே.

நான்காவது வழி, வெறுங்கையாய் நிற்கும் உலோகத்தில் அமைனைப் பொருத்துதல். இஃது இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்த வழி எனலாம். பிரான்சிலே 2005இல் வெளியான எம்.ஐ.எல்.–101 என்னும் குரோமியச் சட்டகத்தின் துளைகள் மிகப் பெரியவை. அதன் குரோமியத்தினின்றும் நீரை நீக்கி, அவ்விடத்தில் முன்னர்க் கூறிய மூவெதிலீனிருவமைனைப் பொருத்தினர். அம்மூலக்கூறில் இரு நைதரசன்கள் உள. ஒன்று குரோமியத்தைப் பற்றிக்கொள்ளும். மற்றையது துளையினுள் நீட்டி நின்று மெதயிலயடைட்டை எதிர்கொள்ளும். 2017இல் வெளியான இவ்வாய்வின்படி, 150 பாகை வெப்பநிலையிற் கிராமொன்றுக்கு 0.71 கிராம் மெதயிலயடைட்டு பிடிபட்டது. அதே நிலையில் வெள்ளியேற்றிய சியோலைற்றுப் பிடிப்பதைவிட இது மூன்று மடங்கினும் மிக்கது. கரியிற் சும்மா ஊட்டப்பட்டிருந்த மருந்து, இங்கே ஒவ்வொன்றும் தன் ஆசனத்தில் அமர்த்தப்பட்டது, வேறுபாடு அவ்வளவே.

காபனீரொட்சைட்டு

இதே உபாயம் காபனீரொட்சைட்டுக்கும் பொருந்தும். வளிமண்டலத்தில் அதன் அளவு இன்று பத்து இலட்சம் பங்கில் 420 பங்கையும் தாண்டிவிட்டமையும், அதனால் புவி வெப்பமுறுவதும் யாவரும் அறிந்தவை. ஆலைப் புகையிலிருந்து அதனைப் பிரிக்க நெடுங்காலமாய் அமைன் கரைசல்களைப் பயன்படுத்துகின்றனர். பிடித்த வாயுவை மீள விடுவிக்க அக்கரைசலிலுள்ள நீர் முழுவதையும் சூடாக்க வேண்டியிருப்பது பெருஞ் செலவு.

கலிபோணியாவின் பேக்கிலியில் உள்ள ஆய்வாளர் மகனீசியச் சட்டகத்தின் வெறுங்கைகளில் இருவமைன் மூலக்கூறுகளைப் பொருத்தினர். 2015இல் அவர்கள் வெளிப்படுத்திய செய்தி விந்தையானது. காபனீரொட்சைட்டு மூலக்கூறொன்று உலோகத்துக்கும் அமைனுக்கும் இடையே நுழைந்தவுடன் அருகிலுள்ள அமைனும் இடங்கொடுக்க இசைந்துவிடும். அடுத்தது, அதற்கடுத்தது எனத் துளையின் நெடுக இடங்கொடுத்தல் பரவும். எனவே குறித்த அமுக்கம் வரை ஏறக்குறைய ஒன்றும் ஏறாது. அதனைக் கடந்தவுடன் திடீரென நிறையும். வெப்பநிலையைச் சிறிது உயர்த்தினாற் போதும். அவ்வாறே திடீரென வெறுமையாகும். குறைந்த செலவில் நிறைத்தும் வெறுமையாக்கியும் திரும்பத் திரும்பப் பயன்படுத்த இது வழிவகுத்தது.

குறைகள்

நிறையை மட்டும் கூறிக் குறையை மறைத்தல் விஞ்ஞானத்துக்கு அழகன்று. முதற்குறை நீர். எம்.ஓ.எவ்.–5 ஈரக்காற்றிற் சிதைவது. நாகத்துக்கும் ஒட்சிசனுக்கும் உள்ள பிணைப்பை நீர் அறுத்துவிடும். அணு ஆலையின் புகையில் நீராவியும் உண்டு, நைத்திரிக்கமில ஆவியும் உண்டு. இதற்கு மாற்றாக ஒசுலோவில் 2008இல் வெளியான சிர்க்கோனியச் சட்டகத்தில் ஒவ்வொரு முடிச்சும் பன்னிரண்டு சலாகைகளாற் பிணைக்கப்பட்டது. சில சலாகைகள் விடுபட்டாலும் அது விழாது. வேண்டுமென்றே சிலவற்றை விடுத்துத் துளையைப் பெருக்குவதும் இன்று திருத்தும் வழிகளுள் ஒன்றாகிவிட்டது. குறைபாடும் அளவறிந்து செய்தாற் குணமாகும்.

இரண்டாங் குறை அளவீட்டைப் பற்றியது. கிராமுக்கு இத்தனை கிராம் என்று மேலே கூறிய அயடீன் கணக்குகள் பெரும்பாலும் அயடீன் ஆவி நிறைந்த மூடிய பாத்திரத்தில், ஏறக்குறைய 70, 80 பாகை வெப்பநிலையில் எடுக்கப்பட்டவை. உண்மை ஆலைப் புகையில் அயடீன் மிக ஐதானது. புகையோ நிற்காது ஓடுவது. நிறைந்த குளத்திற் குடத்தை அமிழ்த்தி நிரப்புவதும், பனித்துளியைத் திரட்டிக் குடம் நிரப்புவதும் ஒன்றாகா. ஆதலின் பெரிய எண்ணைக் கண்டு மயங்காது, எந்நிலையில் எடுத்த எண் என்று வினவுதல் மாணவர் பழக வேண்டிய நற்பழக்கம்.

மூன்றாவது, பிடித்ததன் பின் யாது செய்வது என்பது. அயடீன்–129ஐ ஏற்ற தூளைப் போத்தலிலிட்டு வைத்தல் கோடியாண்டுக்குப் போதாது. தாழ்ந்த வெப்பநிலையில் இளகும் கண்ணாடியோடு அதனைச் சேர்த்துக் கட்டியாக்கும் முறைகள் ஆராயப்பட்டுள்ளன. கதிர் தாக்கத்தைப் பல்லாண்டு தாங்குமா, தூளை உருண்டையாக்கினால் துளைகள் அடைபடுமா, விலை கட்டுமா என்பனவும் வினாக்களே. இவற்றாலேயே அணு நிலையங்களில் இன்றும் பெரும்பாலும் பணிபுரிவன கரியும் வெள்ளிச் சியோலைற்றுமே.

ஆயினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. கனடாவின் கல்கரிப் பல்கலைக்கழகத்திற் பிறந்து 2021இல் விரிவாக வெளியான கால்வ்–20 என்னும் சட்டகம் நாகம், ஒட்சாலிக்கமிலம், திரையசோல் என்னும் மலிவான பொருள்களாலானது. அதன் மேற்பரப்பு கிராமுக்கு ஏறக்குறைய 500 சதுர மீற்றர். சிரட்டைக் கரியினும் குறைவு! எனினும் நீராவியைக் கண்டு அஞ்சாது; ஈரப்பதன் மட்டாயிருக்கும்போது நீரைவிடக் காபனீரொட்சைட்டையே விரும்பி ஏற்கும். தொன் கணக்கிற் செய்யப்பட்டுச் சீமெந்து ஆலைப் புகையில் அது பணிபுரிந்துள்ளது. பரிசு பெறும் பேரெண்ணைவிடப் பணிக்கேற்ற பக்குவமே பெரிதென்பதற்கு இதனிற் சிறந்த சான்று வேண்டியதில்லை.

முடிவுரை

நோபெல் பரிசு கிடைத்தபோது றொப்சனுக்கு அகவை எண்பத்தெட்டு. அவருடைய பணியின் வித்து, மாணவருக்குப் பாடம் விளங்க வேண்டுமென்று ஓர் ஆசிரியர் எடுத்துக்கொண்ட சிரமத்தில் இருந்தது. மரப்பந்திற் சரியான இடத்தில் துளையிட்ட பட்டறைத் தொழிலாளருக்கும் அதிற் பங்குண்டு. எமக்கு அயடீனின் ஊதா ஆவியைக் காட்டிய ஆசிரியரும் அத்தகைய சிரமம் எடுத்தவரே. அன்று யாம் கேட்கத் தவறிய கேள்வியை இன்று கேட்கின்றோம்.

இன்று எமது ஆய்வுகூடத்தில் அதே காட்சியைக் காணும் இளைய மாணவரை ஒன்று வேண்டுகின்றோம். கஞ்சியிற் கருநீலத்தையும் அற்ககோலிற் கபிலத்தையும் காணும்போது, கொப்பியில் எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குச் செல்லாது சற்றே நின்று ஏனென்று கேளுங்கள். எங்கோ ஓர் ஊரிற் பசும்பாலை ஐயமின்றிப் பருகப்போகும் குழந்தையொன்றுக்கு அக்கேள்வி காவலாக அமையக்கூடும். எம் கல்லூரித் தாய் இத்தகைய கேள்விகளைக் கேட்கும் மைந்தரை மேன்மேலும் ஈன்று நீடு வாழ்க.